பிறக்க வேண்டிய வருடம்

வருடத்துக்கு ஒரு நாள்தான் பாப்பாவைப் பார்க்க விடுவார்கள். பார்ப்பது என்று பேச்சுக்குச் சொல்வதுதான். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. கொடைக்கானல் மலையைக் குடைந்து கட்டிய கூடத்தில், தடித்த கண்ணாடிக்கு அப்பால், ஆளுயர எஃகு உருளைகள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றுக்குள், திரவ நைட்ரஜன் குளிரில், மெல்லிய குழாய் ஒன்றின் நுனியில், மணலைவிடச் சிறியதாக அமுதவாணியின் மகள் இருந்தாள். உருவாகி ஐந்தே நாளில் உறைய வைக்கப்பட்ட மகள்.

அரசாங்கம் வைத்த பெயர் எதிர்காலக் கருக்காப்பகம். மக்கள் சொன்னது குளிர்வீடு. நாகப்பட்டினத்தில் அமுதவாணி குடியிருந்த தெருவில் யாராவது "குழந்தை இருக்கா?" என்று கேட்டால், "இருக்கா, மேல" என்று மேற்கே கைகாட்டுவது வழக்கமாகிவிட்டிருந்தது.

அதைக் கட்டிய காரணத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. பங்குனியில் தொடங்குகிற வெயில் ஐப்பசி வரை விடாது. மார்கழியில்கூடப் புழுக்கம்தான். நடுப்பகலில் தெருவில் இறங்கினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. கோடை தோறும் முதலில் போவது சின்னக் குழந்தைகள்தான். இன்னும் அறுபது வருடத்தில் உலகம் குளிர்ந்துவிடும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அப்படியானால் பிள்ளைகள் அப்போதே பிறக்கட்டுமே என்று எல்லோருக்கும் தோன்றியது. செயற்கைக் கருப்பையில் வளர்ந்து, நல்ல காற்றில் கண் திறந்து, பயிற்சி பெற்ற தாய்மார்கள் மடியில் ஆளாவார்கள். பெற்றவர்கள் அப்போது இருக்க மாட்டார்கள். பெயர்கூட அங்கே வளர்ப்பவர்கள்தான் வைப்பார்கள். ஆனால் குழந்தை நன்றாக இருக்கும். அது போதாதா?

போதும் என்று நினைத்துத்தான் அமுதவாணியும் திருமாறனும் பதினோரு வருடத்துக்கு முன்னால் சம்மதித்தார்கள். கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் வயிறு பெரிதாகி ஒருத்தி தெருவில் நடந்தால், "இந்த வெயில்லயா?" என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் மலை ஏறினார்கள்.

அந்த வருடம் அவர்கள் போனபோது டாக்டர் பர்வீன் வழக்கம்போல "பாப்பா நலம்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க. ஒரு சின்ன மாற்றம் இருக்கு. பாப்பா பொறக்க வேண்டிய வருஷத்தைத் தள்ளி வச்சிருக்காங்க."

"எவ்வளவு?" என்று கேட்டான் திருமாறன்.

"முப்பது வருஷம்."

அமுதவாணி, தான் இருக்கப்போவதில்லை என்று தெரிந்த வருடங்கள்தான் இரண்டுமே. அதில் முன்னே என்ன, பின்னே என்ன? ஆனாலும் யாரோ மகளின் கையைப் பிடித்து இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

"ஏன் டாக்டர்?"

"உலகம் நெனச்ச வேகத்துல குளிரல. உங்களுக்குத் தெரியாததா வாணி? நீங்க மேகத் திட்டத்துலதானே வேலை பாக்குறீங்க."

தெரியும். நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து கிளம்பும் மேகக் கப்பல்கள் கடல்நீரைப் புகையைவிட நுண்ணிய தூறலாக்கி வானத்துக்கு அனுப்பும். மேகம் வெளுக்கும், வெளுத்த மேகம் வெயிலைத் திருப்பி அடிக்கும். இதை எல்லாக் கடல்களிலும், விடாமல், இரண்டு தலைமுறைக்குச் செய்ய வேண்டும். அமுதவாணி அப்படிப்பட்ட கப்பல் ஒன்றின் பொறியாளர்.

"ஆள் இல்ல டாக்டர். பாதிக் கப்பல் கரையில கட்டிக் கிடக்கு. ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் வயசாயிடுச்சு. முன்னல்லாம் பயிற்சிக்கு அம்பது அறுபது பேர் வருவாங்க. இந்த வருஷம் ஒரே ஒருத்தன் வந்தான். அவனும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். அவள் பார்வை கண்ணாடிக்கு அப்பால் போயிருந்தது. குளிர்வீடு திறந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. முதல் வரிசை உருளைகளில் இருப்பவர்கள் பிறந்திருந்தால் இப்போது வேலைக்கு வந்திருப்பார்கள்.

"வரவேண்டியவங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க," என்றாள்.

டாக்டர் பர்வீன் மேசை மேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பையனும் அந்த மூணாவது வரிசைல இருக்கான்," என்றார் கடைசியில். "இதை யோசிக்காம இருக்க நான் பழகிட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும், அது என் கடமை. கருவைத் திருப்பி எடுத்துக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நாற்பத்திரண்டு வயசுக்குள்ள எடுக்கணும், ரெண்டு பேரும் சம்மதிக்கணும். எடுத்தா திரும்ப வைக்க முடியாது. இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் கேட்டதில்ல."

அமுதவாணிக்கு நாற்பது முடிந்திருந்தது.

இருவரும் மலையிறங்கும் பேருந்தில் ஏறினார்கள். ஜன்னல் வழியே வந்த காற்று ஒவ்வொரு வளைவிலும் சூடேறிக்கொண்டே வந்தது.

"முப்பது வருஷம் கூடினா என்ன?" என்றான் திருமாறன். "தூங்குறவளுக்கு அது தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுதே."

"வாணி, வேணாம். நீ எங்க வர்றேன்னு எனக்குப் புரியுது. வேணாம்."

அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. அவன் ஏன் வேண்டாம் என்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கு முகிலன் என்று ஒரு தம்பி இருந்தான். ஐந்து வயதில் போய்விட்டான். ஒரு சித்திரை மாதம் ஊர் முழுக்க மின்சாரம் நின்றுபோன பகலில், ஈரத்துணியைச் சுற்றித் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு திருமாறன் அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தான். விசிறிக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது. திருமணமான புதிதில் ஒருமுறை இதைச் சொன்னான். அதன்பிறகு முகிலன் பேச்சை அவன் எடுத்ததே இல்லை.

திருமாறன் பள்ளி ஆசிரியன். அவன் வேலை பார்த்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஆறு பேர் இருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு அறையைப் பூட்டிச் சாமான் போட்டு வைத்திருந்தார்கள். பாடம் நடத்துவதில் கெட்டிக்காரன். கேட்கத்தான் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தீரும். அன்று சாயங்காலம் கூடத்தில் கேமராவை வைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகளோடு பேசுவான். பெற்றோர் பேசிப் பதிவு செய்ததை எல்லாம் பிறக்கும் குழந்தைக்குக் காட்டுவார்கள் என்று குளிர்வீட்டில் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் ஆறு மாதத்தில் அலுத்துப்போய் நிறுத்திவிட்டார்கள். அவன் ஒரு வாரம்கூட விட்டதில்லை.

மலையிலிருந்து வந்த அடுத்த ஞாயிறும் அப்படித்தான் உட்கார்ந்தான். அமுதவாணி பக்கத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, இன்னைக்கு விடியறதுக்கு முன்ன மீன் ஏலத்துக்குப் போனேன். இங்க எல்லாமே விடியறதுக்கு முன்னதான், தெரியுமா? பெரிய திருக்கை ஒண்ணு வந்திருந்துச்சு. நம்ம வீட்டுக் கதவை விடப் பெருசு. ஏலம் கேக்குறவர் அதைப் பாத்து வாயைப் பொளந்துட்டு வெலை சொல்றதையே மறந்துட்டார். எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் உங்கம்மாவும் நானும் கடற்கரையில உக்காந்து சூடா பரோட்டா சாப்பிட்டோம். இருட்டுல அலை பச்சையா மினுங்குச்சு. நீ இருந்திருந்தா கால நனைச்சிருப்ப..."

கேமராவை நிறுத்தினான்.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள் அமுதவாணி. "பதினோரு வருஷமா அவகிட்ட பேசுறீங்க. ஒரு தடவையாவது இங்க கஷ்டமா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா?"

"பச்சப்புள்ளகிட்ட அதை எதுக்குச் சொல்லணும்?"

"அப்ப சொன்னதெல்லாம் பொய்யா?"

"பொய் ஏன் சொல்றேன்? எல்லாம் நடந்ததுதான்."

"நடந்ததுதானே. திருக்கை வந்துச்சு, அலை மினுங்குச்சு, நாம சிரிச்சோம். இந்த ஊர்லதான், இந்த வெயில் காலத்துலதான். அவ இருந்திருந்தா கால நனைச்சிருப்பான்னு நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்லல."

திருமாறனின் முகம் சிவந்துவிட்டது. "முகிலனும் இந்த ஊர்லதான் இருந்தான்," என்றான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அன்றைக்கு அப்புறம் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. சாப்பாடு ஆச்சா, தண்ணீர் வந்ததா, அவ்வளவுதான். அமுதவாணி கடலுக்குப் போய் வந்தாள். தூறல் குழல்களைத் துடைக்கும்போதும் இயந்திரத்தின் ஓசையைக் கேட்கும்போதும் ஒரே நினைப்பு. இத்தனை வருடமும் அவள் எதையுமே இன்றைக்கென்று செய்ததில்லை. வீட்டுக்கு வெள்ளை அடிப்பதானாலும் பிறகு, செடி வைப்பதானாலும் பிறகு. நல்லதெல்லாம் வரப்போகிறது, வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும் என்று இருந்துவிட்டாள். மேகம் வெளுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்; இப்போதும் ஆசைதான். ஆனால் அந்த ஆசைக்குள் ஒரு குழந்தையைப் பூட்டி வைத்திருக்கிறோமே என்று நினைத்தால் மூச்சு முட்டியது.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் அவள் கப்பலிலிருந்து இறங்கியபோது திருமாறன் துறைமுக வாசலில் நின்றிருந்தான். அவன் அங்கே வருவதே இல்லை.

"நடப்போமா?" என்றான்.

பொழுது சாய்ந்திருந்தது. கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன.

"முகிலன் நண்டு புடிப்பான்," என்று திடீரென்று ஆரம்பித்தான். "கையாலயே. கடிச்சாலும் விடமாட்டான், அழுதுக்கிட்டே புடிச்சிட்டு வருவான். எனக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணுன்னு பங்கு வைப்பான். 'ற' வராது அவனுக்கு. என்னை மாயண்ணான்னு கூப்பிடுவான்." கடற்கரைப் பக்கம் திரும்பினான். "அன்னைக்கு நீ கேட்டதுலேர்ந்து அவன் நெனப்பாவே இருக்கு. அவன் செத்த பகலைத்தான் இத்தனை வருஷமா நெனச்சிருக்கேன். மத்ததெல்லாம் இப்பதான் ஒண்ணொண்ணா வருது. அஞ்சு வருஷம் இருந்தான் வாணி. அவன் பொறக்காமலே இருந்திருக்கலாம்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல. ஒருநாளும்."

அமுதவாணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு," என்றான். "போகாது அது. பரவாயில்ல. எடுத்துடுவோம்."

குளிர்வீட்டில் உருளையைத் திறந்தபோது வெண்புகை தரையில் வழிந்தது. டாக்டர் பர்வீனே குழாயை எடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நீங்களும் எடுத்துக்கலாமே டாக்டர்?" என்று அமுதவாணி கேட்டுவிட்டாள்.

"எனக்கு அம்பத்தொண்ணு ஆச்சும்மா," என்று சிரித்தார் டாக்டர். "நீங்க நல்லபடியா பெத்தெடுங்க. நான் வந்து பாக்குறேன்."

பிறந்த பிள்ளைக்கு நித்திலா என்று பெயர் வைத்தார்கள். தெரு அதை எளிதில் மன்னிக்கவில்லை. பக்கத்து வீட்டு எஸ்தர் வாசலில் நின்று, "உங்க ஆசைக்கு அந்தப் புள்ளையப் போயி வதைக்குறீங்களே. சுயநலம் புடிச்சவங்க," என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அவளுடைய இரண்டு பிள்ளைகள் மேலே இருந்தார்கள். ஆனால் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, "கொஞ்ச நேரம் குடு, வச்சிருந்துட்டுத் தர்றேன்" என்று சாயங்காலம் தோறும் வந்து நின்றாள். குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்து பார்ப்பாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அவளுக்கும் வயது கடந்திருந்தது. அவளை அப்படிப் பார்க்கும்போதெல்லாம் அமுதவாணிக்குத் தன் சந்தோஷமே ஒரு குற்றம்போல் உறுத்தும்.

நித்திலாவுக்கு மூன்று வயதானபோது அந்தப் பகல் வந்தது. வைகாசி மாதம், காலையிலேயே ஊர் முழுக்க மின்சாரம் போய்விட்டது. அமுதவாணி நடுக்கடலில் இருந்தாள். வீட்டில் திருமாறனும் குழந்தையும் மட்டும். அவன் ஒரு ஈரத்துணியில் மகளைச் சுற்றினான். அட்டையைத் தேடவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, சந்துகளின் நிழலோடு ஓடி, மீன்துறை ஐஸ் கம்பெனிக்குள் புகுந்தான். அவனுக்கு முன்பே பாதித் தெரு அங்கே இருந்தது. ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, உமியும் தண்ணீருமாகக் கிடந்த தரையில், சாயங்காலம் வரை மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கப்பல் கரை சேர்ந்ததும் அமுதவாணி அங்கே ஓடிவந்தாள். நித்திலா ஒரு துண்டு ஐஸைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு எஸ்தருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். திருமாறன் சுவரில் சாய்ந்து கிடந்தான். உடம்பெல்லாம் நனைந்திருந்தது, உதடு வெளிறியிருந்தது.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல வாணி. காலையிலேர்ந்து விளையாடுறா," என்றான். "நான்தான் மணிக்கு ஒரு தடவை செத்துச் செத்துப் பொழச்சேன்."

அன்று அவர்கள் தெருக்கோடியில் இருந்த தையற்காரர் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து திருமாறன் வெகுநேரம் மகளின் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாம் செய்தது சரியா என்று அமுதவாணி அவனைக் கேட்கவில்லை. அவனும் அவளைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வீட்டில் இருந்தது. அதோடு கூடத்தான் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், குழந்தையைக் குளிப்பாட்டினார்கள்.

இதற்கிடையே ஊரில் இன்னும் சில பேர் மலை ஏறிப் போய்த் தங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நிறையப் பேர் இல்லை. ஆனாலும் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு அறையிலிருந்து சாமான்களை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. நித்திலா அந்த அறையில் சேர்ந்தாள். அவளுக்கு எல்லாமே இயல்பாக இருந்தது. பகலில் தூங்குவதும், விடியுமுன் விளையாடுவதும், உச்சி வேளைச் சங்கு ஊதினால் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவதும்தான் உலகம் என்று நினைத்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் எதை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்ததே இல்லை.

அவளுக்கு ஏழு வயது நடந்தபோது, ஒரு மார்கழி விடியலில், அமுதவாணி ஏதோ வித்தியாசமாக உணர்ந்து விழித்தாள். போர்வை வேண்டியிருந்தது. கதவைத் திறந்தாள். கடலின் மேல் தொடங்கி ஊரின் மேல் வரைக்கும், பாலாடைபோல வெண்மேகம் படர்ந்திருந்தது. கடற்கரையெங்கும் கப்பல்கள் விடாமல் உழைத்துச் சேர்த்த மேகம். அதன் கீழே, அவள் வாழ்நாளில் கண்டிராத ஒரு குளிர்ந்த காற்று தெருவில் நடமாடிக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது. கைகளைக் கட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். எஸ்தர் பெரிய பாத்திரத்தில் டீ போட்டு எடுத்து வந்து எல்லோருக்கும் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே அழுதாள். திருமாறன் சட்டையைக் கழற்றிவிட்டு நடுத்தெருவில் கைகளை விரித்துக்கொண்டு நின்றான், பைத்தியம்போல.

ஒரு நாள்தான், நாளைக்கே வெயில் திரும்பிவிடும் என்று அமுதவாணிக்குத் தெரியும். இன்னும் எத்தனையோ வருடம் கப்பல் ஓட்ட வேண்டும். ஆனாலும் இந்த ஒரு நாளை மகளுக்குக் காட்டிவிட வேண்டும். அவள் உள்ளே ஓடி நித்திலாவை எழுப்பித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பாரும்மா. இதான். அம்மா இதுக்குத்தான் தெனமும் கடலுக்குப் போறேன். எப்படி இருக்கு?"

நித்திலா தெருவைப் பார்த்தாள். காற்று அவள்மேல் பட்டது. பற்கள் கிட்டிக்கொண்டு வந்தன. முகத்தைச் சுளித்து, அம்மாவின் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு, மார்புக்குள் ஒடுங்கினாள்.

"நல்லாவே இல்லம்மா," என்றாள். அழுகை வந்துவிட்டது. "ஒடம்பெல்லாம் என்னமோ பண்ணுது. வெயில் எப்ப வரும்?"

அமுதவாணிக்கு முதலில் நெஞ்சு திக்கென்றது. அப்புறம் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. இதை அவளுக்குக் கொடுக்கத்தானே அறுபது வருடம் தூங்க வைக்கத் துணிந்தோம் என்று நினைத்துக்கொண்டாள். சேலைக்குள் குழந்தையின் உடம்பு கதகதவென்று இருந்தது. வெளியே அவள் ஆசைப்பட்ட குளிர். உள்ளே அவள் ஆசைப்பட்ட சூடு.

"வந்துடும்டா. இதோ வந்துடும்," என்றாள்.

மகளை இன்னும் இறுக அணைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். கிழக்கே மேகத்தின் விளிம்பு மெல்லச் சிவந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, அமுதவாணி வெயிலுக்காகக் காத்திருந்தாள்.